இறால் ஆகாதவர்

கண்டிப் பக்கம் முழுக்க ஊரடங்கு. அக்குறணை பஜாரில் ஒரு கடை திறக்கவில்லை. நாயும் காக்கையும்தான் வீதியில் சுதந்திரமாகத் திரிந்தன. முஸ்லிம் கடைச் சோற்றில் மலட்டு மாத்திரை கலந்தார்களாம் என்று எங்கோ கிளம்பிய கதையொன்று நூறு வாய் மாறி வந்து, மஹ்மூதின் செருப்புக் கடைக் கண்ணாடியை நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. நொறுங்கியதைக் கூட்டி அள்ளப் போன மனுசன் காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். இப்போது அந்தக் கால் முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு கொதித்தது.

அவருடைய மனைவி மஸீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் இல்லை. கிடைத்தாலும் வழியில் யார் மறிப்பார்களோ? கொழும்பிலிருந்த தம்பிதான், போனிலேயே டொக்டரைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்து கொடுத்தான்.

திரையில் வந்தவர் டொக்டர் சரோஜினிதேவி, யாழ்ப்பாணத்துக்காரர். மஸீனா முந்தானையைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"அது உங்கட காது, பிள்ளை. மற்றப் பக்கம் திருப்புங்கோ."

திருப்பியதும் கூரை தெரிந்தது, பிறகு அலுமாரி தெரிந்தது, கடைசியில்தான் கால் தெரிந்தது. டொக்டர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"சீழ் பிடிச்சிட்டுது. அவருக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்ல டொக்டர். எது குடுத்தாலும் குடிப்பார்."

"சரி, எழுதி அனுப்புறன். காய்ச்சல் குறையாட்டி எப்பிடியெண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும், ஓமோ?"

மருந்துச்சீட்டின் படம் டிங் என்று வந்து விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்தியம் கேட்காமல் டொக்டரை விடுகிற பெண் இந்த ஊரில் பிறக்கவில்லை.

"சாப்பாடு என்னத்த குடுக்கிற டொக்டர்? புண்ணுக்கு ஆகாத கிரந்தி சாமான் ஒண்டும் குடுக்கல்ல. இறால் எப்பிடியும் குடுக்கமாட்டேன். அது திண்டுதான் முந்தி ஒருக்கா மொகமெல்லாம் வீங்கி மூச்சு அடச்சி."

டொக்டரின் பேனா நின்றது.

"மூச்சு அடைச்சதோ? நில்லுங்கோ பிள்ளை, அண்டைக்கு அவர்..."

திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது. மஸீனா போனைத் தட்டினாள், அணைத்துப் போட்டாள், ஜன்னலோரம் பிடித்தாள். காசு போட்ட போன்தானே, என்ன கேடு வந்தது இதற்கு?

"போன்ல பிழ இல்ல. அரசாங்கம் இன்டர்நெட்ட நிப்பாட்டிட்டாம்." பின்மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. ஹவ்வா உம்மா. அவருடைய கணவர் பார்மசிக்காரர். கலவரம் தொடங்கியதுமே மருந்துப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

மஸீனா தயங்கினாள். தயங்கக் காரணம் இருந்தது. மஹ்மூதின் தங்கை கல்யாணத்தில் இறால் பொரித்தவர் இந்த ஹவ்வா உம்மாதான். அன்று இரவே மாப்பிள்ளையின் மச்சானான மஹ்மூத் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே டொக்டர் வாயைத் திறக்குமுன்னமே சொந்தக்காரர் எல்லோரும் ஒரே குரலில் "இறால்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கெட்டுப்போன இறாலாம் என்று மஸீனாவும் தன் பங்குக்கு நாலு வீட்டில் சொல்லிவைத்தாள். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் ஹவ்வா உம்மாவை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை.

அந்த மனுசி இப்போது மறுபேச்சில்லாமல் போனை வாங்கிப்போய்க் கணவரிடம் காட்டி, போனோடு கெப்சூலையும் மதிலுக்கு மேலால் நீட்டினார்.

"டொக்டர் என்னமோ கேக்க வந்தாங்க மாமி. கேக்க முன்னுக்கே நிண்டுட்டு."

"எழுதித் தந்தீக்காங்க தானே, பொறகென்ன? கெதியாக் குடுங்க."

அதுவும் சரிதான் என்றிருந்தது. சரியில்லை என்றும் இருந்தது. அந்த டொக்டர் எதைக் கேட்க வந்தார்? குழம்பியபடியே மஸீனா தண்ணீரோடு உள்ளே போனாள். மஹ்மூத் கெப்சூலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதா? பாதி செவப்பு, பாதி மஞ்சள். பல்லுவலிக்கு டிஸ்பென்சரில ஒருக்கா தந்த."

"எப்ப?"

"தங்கச்சிட கல்யாணத்தண்டு. பின்னேரம் ஒண்டு குடிச்சிட்டுத்தானே பந்திக்கு வந்த."

டிஸ்பென்சரி உறையில் மருந்தின் பெயரா எழுதியிருக்கும்? காலை ஒன்று, இரவு ஒன்று என்று கீறியிருக்கும், அவ்வளவுதான்.

"அண்டைக்கி இறால் எவ்வளவு திண்டீங்க?"

"இறாலா? எங்கட சகன் தட்டுக்கு வரக்குள்ள இறால் முடிஞ்சே. கோழியும் சோறும்தான் திண்ட."

"அப்ப இவ்வளவு காலமும் இறால் வாணாம், வாணாம் எண்டு..."

"எல்லாரும் இறால்தான், இறால்தான் எண்டு சென்னீங்க. நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு நம்பி ஈந்துட்டேன். ஆரு என்னட்ட கேட்ட?"

சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். மஸீனா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். கெப்சூல் கட்டிலுக்கடியில் உருண்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. படமில்லை, குரல் மட்டும்.

"பிள்ளை, உங்கட நம்பரைத் தேடி எடுக்கிறதுக்குள்ள... அந்த மருந்தைக் குடுத்திட்டீங்களோ?"

"இல்ல டொக்டர், இல்ல!" மஸீனா அழுதுவிட்டாள். "அவர் இறாலே திங்கல்ல டொக்டர். இதே மருந்தத்தான் குடிச்சீக்கார்."

மறுபக்கத்தில் காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது.

"நல்ல காலம். அது பெனிசிலின் இனம். இனி வாழ்நாளுக்கும் அவருக்கு அது கூடாது. வேற குளிசை சொல்லுறன், பார்மசிக்காரரிட்ட போனைக் குடுங்கோ."

மஸீனா மதிலடிக்கு ஓடினாள். ஹவ்வா உம்மாவின் கணவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்சத்தில் ஹவ்வா உம்மா புது மருந்தோடு வந்தார். மஸீனா அதை வாங்கிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மாமி, அவர் அண்டைக்கி உங்கட இறாலத் தொடவே இல்ல."

ஹவ்வா உம்மா முக்காட்டை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டார். கோபமா, அழுகையா என்று மஸீனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மொதல்ல மருந்தக் குடுங்க," என்றார். "ஊரடங்கு எடுத்தொடன, அண்டைக்கி கெட்ட இறால் எண்டு செல்லின ஊடு ஊடாப் போய் இதையும் செல்லுங்க."