தள்ளிவைத்த பிறந்தநாள்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய மூன்று வாரம் என்னிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. நான் யூனிஃபார்ம் தைக்கிறவள். அப்போது கடையில் முந்நூறு சட்டைகள் கழுத்தை நெரிக்கும். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அதே வாரங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும், அவர் போன் ஓயவே ஓயாது. எங்கள் மகள் பார்த்துப் பார்த்து அதற்கு நடுவில்தான் வந்து பிறந்தாள்.

என்ன செய்வது? பிறந்தநாளை மழைக்காலத்துக்குத் தள்ளிவிட்டோம். சமையலறைக் காலண்டரில் என் வேலைக்குச் சிவப்பு மை, அவர் வேலைக்கு நீலம். எந்த மையும் படாத முதல் சனிக்கிழமை அவளுடையது. ஏழு வருடமாக அப்படியே ஓடிவிட்டது.

இந்த வருடம் டீச்சர் போன் செய்தார். "உங்க பொண்ணு, தன் பிறந்தநாள் மழைக்காலத்துலதான்னு அடிச்சுச் சொல்றா. ரெக்கார்டுல வேற தேதி இருக்கே?"

எனக்கு முகம் செத்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குப் பிறந்த தேதியைக்கூடச் சொல்லாத மகராசி நான்!

இந்த முறை உண்மையான தேதியில்தான் கொண்டாட்டம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அன்று காலை கடையைப் பூட்டினேன். அவரையும் லீவு போட வைத்தேன். கேக், பலூன் என்று வீடு அமர்க்களப்பட்டது.

கேக் முன்னால் உட்கார்ந்தவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவர் போன் எட்டாவது தடவையாக அதிர்ந்தது. நானோ, இன்னும் கைவைக்காத காலர்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்போ மழைக்காலத்துல பிறந்தநாள் கிடையாதா?" குரல் உடைந்தது.

"இதுதான்டி கண்ணு உன் நிஜப் பிறந்தநாள்."

"எனக்கு இது வேணாம்மா. அன்னிக்குன்னா அப்பா நாள் பூரா என்கூட விளையாடுவாரு. நீ திட்டவே மாட்ட."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரிடி, மழைக்காலத்துலயே வெச்சுக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ இந்தக் கேக்கைச் சும்மா சாப்பிடலாமா?"

ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அவர் வேலைக்கு ஓடினார். நான் கடையைத் திறந்தேன். கூடவே வந்தவள், பட்டன்களை அளவுவாரியாகப் பிரிக்கிறேன் என்று டப்பாவோடு கீழே கொட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் திட்டிக்கோம்மா. சாதா நாள்தானே."

அன்று முழுக்க நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டை வாங்க வந்த ஒரு அம்மா, எனக்கு உடம்பு சரியில்லையா என்றே கேட்டுவிட்டார்.