எழுத்து தெரிந்த பக்கம்

மாடி அறையில் இருந்தவர்கள்: மாமனார், கையில் டார்ச். மருமகள், காலடியில் விடுதித் திரைச்சீலை மூட்டை. கூரைக்காரர், வாயில் ஆணிகள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். இருந்திருந்தாலும் இரண்டு பக்கமும் தலையாட்டியிருப்பான்.

கதவுக்கு மேலே கூரையைத் தாங்கும் கைமரம் ஊறிக் கறுத்திருந்தது. கறையைக் கண்ட அன்றே மாமனார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். விடுதித் திரைச்சீலைகளுக்கு மருமகள் அங்கே செய்துவந்த நீராவி இஸ்திரி வேலை அன்றோடு நின்றது. விடுதிக்காரர் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

"இவ விடுற ஆவிதான்" என்றார் மாமனார். "நான் அப்பவே கெட்டியா பிளாஸ்டிக் போடச் சொன்னேன்."

கூரை மாற்றியபோது ஓட்டுக்கு அடியில் விரிக்க மூச்சு விடும் ஷீட்டைக் கேட்டு வாங்கியவள் அவள். உள்ளே எழும் ஆவியை வெளியே விடும், மழையை உள்ளே விடாது. கடைக்காரர் வெந்நீர்த் தம்ளரை அந்த ஷீட்டால் மூடி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அதில் ஆவி படிவதைக் காட்டினார். கடைக்காரன் ஊசியால் ஓட்டை போட்டு வைத்திருக்கிறான் என்று மாமனார் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் இஸ்திரி போடுறது ஜன்னல் பக்கம், மாமா. அங்க காஞ்சு கிடக்கு. கதவுப் பக்கம் எப்படி நனையும்?"

"ஆவிக்கு என்ன, நடக்கத் தெரியாதா?"

கூரைக்காரர் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. மருமகள் அதைக் கவனித்தாள். அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஷீட் வெறும் வெள்ளை. கதவுப் பக்கம் கம்பெனிப் பெயர் வரிசையாகத் தெரிந்தது.

"அண்ணே, அங்க இல்லாத எழுத்து இங்க மட்டும் ஏன் தெரியுது?"

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "எழுத்து வானத்தைப் பார்த்துதான் இருக்கணும். ஜன்னல் பக்கம் அப்படித்தான் போட்டேன். அப்புறம் ஐயாதான் வந்து, கதவுப் பக்கம் எழுத்து கீழ தெரியுற மாதிரி திருப்பிப் போடச் சொன்னாரு."

"பின்ன? நாளைக்கே நீ மட்டமான ஷீட்டை மாத்திட்டா எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனிப் பேரைத் தினம் வந்து பார்க்க வேணாமா?" என்றார் மாமனார்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏண்ணே போட்டீங்க?"

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு அவரும்மா. நான் எறங்க வேணாமா?"

கத்தியால் ஷீட்டில் ஒரு கீறல் போட்டு ஓரத்தை மடித்துக் காட்டினார். மேல்பக்கம் பஞ்சு மாதிரி ஊறியிருந்தது. மழையைத் தள்ள வேண்டிய வழுவழுப்பான பக்கம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டிடுக்கில் சொட்டியதையெல்லாம் பஞ்சுப் பக்கம் குடித்து, ஓரம் வழியாக மரத்துக்கு இறக்கியிருந்தது.

மாமனார் விரலால் தொட்டார். முகர்ந்தும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

வெயில் அடித்ததும் வந்து மாற்றிப் போடுவதாகச் சொல்லிக் கூரைக்காரர் இறங்கிப் போனார்.

"அன்னைக்கு நான் மேல ஏறி நின்னு பார்ப்பேன்" என்று அவர் முதுகுக்குச் சொன்னார் மாமனார்.

மருமகள் கையை நீட்டினாள். "சாவி, மாமா."

"மாத்திப் போடட்டும், பார்க்கலாம்."

"ஆவி மேல போட்ட கேஸ் முடிஞ்சுபோச்சு. சாவி."

அவள் கை இறங்கவில்லை. அவர் சாவியை எடுத்து, வேறு சாவியாக மாறிவிட்டதா என்பதுபோல் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வாசலில் நின்று எழுத்துகள் மேல் டார்ச் அடித்தார். பிறகு வெளியே போனார்.

அவள் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினாள்.