யாரும் சாகாத வீட்டுக் குளியல்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. அதுவும் என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். கொட்டுகிற மழையில், கீழே இருந்த அடிபம்பில் ஒரு ஆள் போட்ட சட்டையோடு குளித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஒரு குரல்: "இன்னா நைனா, இன்னிக்கு யாரு பூட்டாங்க?"

"யாரும் சாவல!" என்று சோப்பு நுரைக்குள்ளிருந்து அவர் எரிந்து விழுந்தார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவேலை.

2

முதல் வரி, முதல் முயற்சி: "ஆலைப் புகை சூழ்ந்த வானத்தின் கீழ் ஒரு தாயின் கண்ணீர்…"

வேண்டாம். என் கதாநாயகி வரலட்சுமி அழுமூஞ்சி இல்லை.

இரண்டாவது: "காரீயம் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே கர்ப்பிணிகள்…"

உண்மைதான். ஆனால் இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ். அதை நின்று படிக்கிறவர்கள் டோக்கனுக்குக் காத்திருப்பவர்கள் மட்டுமே.

மூன்றாவது: மாசமாக இருந்த வரலட்சுமியிடம் நர்ஸம்மா ஒரு கேள்வி கேட்டார். (சரி, இதிலேயே போகலாம்.)

3

"உன் வீட்டுக்காரர் என்ன வேலைம்மா செய்யிறார்?"

"பேட்டரி கடைக்கா. பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்குவாரு."

"அந்தத் துணியெல்லாம் யாரு துவைக்கிறது?"

"நான்தான். நல்லா ஒதறிட்டு ஊற வெச்சாதான் அழுக்கே போவும்." பெருமையாகத்தான் சொன்னாள். நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உதறினால் தூள் பறக்கும், அது அவள் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைக்கும் போகும். ரத்த டெஸ்ட் எடுக்கணும். அந்தத் துணி வீட்டுக்குள் வரவே கூடாது. கீரை, பால், முட்டையை விடக்கூடாது. நர்ஸம்மா சொல்லிக்கொண்டே போனார். வரலட்சுமிக்கு ஒன்றுதான் கண்முன் நின்றது. புருஷன் ஜெயவேல் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் வயிற்றில் காது வைத்து, "இன்னா தொரை, முழிச்சிகினு கீறியா?" என்று விசாரிப்பான். அந்தத் தலை முழுக்கத் தூள்.

அன்றைக்கே சட்டம் போட்டாள். அடிபம்பில் தலை முழுகி, துணியை வாளியில் முக்கிவிட்டுத்தான் படியேற வேண்டும்.

[கடையிலேயே குளிக்கக் கூடாதா என்று கேட்கும் வாசகருக்கு: அந்தக் கடையில் குடிக்கவே கேன் தண்ணீர்தான்.]

4

வேலை முடிந்து வருகிறவன் வீட்டுக்குள் நுழையாமல் போட்ட துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால், இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூலகொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான்.

எதிர் வீட்டு காத்தூன் பீவி தூக்கு நிறையக் கிச்சடி கொண்டுவந்தாள். "சாவு வூட்ல அடுப்பு மூட்டாத வரலு. யாரு பூட்டாங்க?" மறுநாளும் கொண்டுவந்தாள். கிச்சடி ருசியாக இருந்ததால் வரலட்சுமி உடனே மறுக்கவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

குடியிருப்பே கேலி பேசிச் சிரித்தது. சிரிக்காதவள் ஜெயவேலின் அம்மா பவுனம்மாள் மட்டுமே. "மாசமா கீறவ புருசன் சாவுக்கே போவக்கூடாது. இவன் இன்னாடான்னா தெனம் சாவுக்குப் போனவனாட்டம் தல முழுவிகினு கீறான். புள்ளைக்கு ஆவுமாடி?"

"அத்தே, ஈயம் அத்தே…"

"ஈயமாம்! பிரியாணி தேக்சாவுக்குப் பூசறது இன்னா, சந்தனமா? ஊரே துன்னுது!"

[தேக்சா என்கிற அண்டாவுக்குப் பூசுவது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். எனக்கு அடைப்புக்குறி இருக்கிறது, சொல்லிவிட்டேன். பாவம், வரலட்சுமிக்கு அந்த வசதி இல்லை.]

பவுனம்மாளை வில்லியாக்கத்தான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. அவள் பயந்ததும் அதே பிள்ளைக்காகத்தானே? "வீட்டுக்காரர் மலைக்கு மாலை போட்டிருக்கார்" என்று வரலட்சுமியைப் பொய் சொல்ல வைத்தும் பார்த்தேன். விரதம் ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும், பேட்டரி கடை முடியாதே. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

அம்மா நச்சரிப்புக்கும் ஜனங்களின் கேலிக்கும் பயந்து, ஒரு சாயங்காலம் ஜெயவேல் குளிக்காமல் படியேறினான். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"தெறமே. ஜனம் பாக்குது."

"பாக்கட்டும்!" ஜன்னலில் வரலட்சுமியின் முகம். "சாவுக்குப் போனவன் குளிச்சா செத்தவன் எயிந்து வரப்போறானா? நீ குளிச்சா பொறக்கறது நல்லா பொறக்கும்யா! தலைய கழுவிகினு வந்து அப்பால காத வையி!"

வராந்தா முழுக்க ஆட்கள். பவுனம்மாள் வாயைத் திறப்பதற்குள், ஜன்னல் கம்பி வழியாக ஒரு வெள்ளைத் துண்டு வந்து அவள் தோளில் விழுந்தது. "உன் புள்ள தலையத் தொடச்சிப் பாரு அத்தே."

துடைத்தாள். துண்டு கறுத்துப் போனது. பவுனம்மாள் அதை விரித்துப் பார்த்தாள். பிறகு மகனிடம், "இந்தத் தலையவாடா அவ வயித்துல வெச்ச?" என்றாள். அடுத்த நிமிடம் அவன் காதைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துப் போனாள். பம்பை அடித்தது அவள்தான்.

6

இப்போதெல்லாம் சாயங்காலம் பம்படியில் வரிசை நிற்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள மற்ற பேட்டரி கடை ஆட்களும் வருகிறார்கள். காத்தூன் பீவி இன்னமும் கிச்சடி அனுப்புகிறாள், இப்போது முட்டையோடு.

முடிவு? முதல் ரத்தப் பரிசோதனையில் ஈயம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. இரண்டாவது முடிவு நாளைக்குத் தெரியும். அது குறைந்திருந்தது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஜெயவேலுக்கு வேறு வேலை கிடைத்தது என்றும் ஒரு முடிவு வைத்திருக்கிறேன். ஆனால் நானே எழுதினால், பாசத்தில் பொய் சொல்லிவிடுவேன்.

ஆகவே முடிவை நீங்கள் எழுதுங்கள். எங்கேயிருந்து, எந்தத் தூளோடு வருகிறீர்களோ, எனக்குத் தெரியாது. பம்புக்குப் பக்கத்தில் வாளி இருக்கிறது. பவுனம்மாள் அடித்துத் தருவாள். தலையைக் கழுவிக்கொண்டு மேலே வாருங்கள். வயிற்றுக்குள் தொரை முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.