இறுக்கமாக ஓடும் ரெயில்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. ஜஹாங்கீர் பாய் கடையின் இரும்புக் கதவை இடுப்பளவுதான் தூக்கியிருந்தார். அதற்குள் கிரகோரி குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான்.

"தலை பத்திரம்," என்றாள் பின்னால் வந்த அவன் மனைவி வினிஃப்ரெட். "அதுக்கு ஸ்பேர் பார்ட் இந்தக் கடையில கிடைக்காது."

மாசாய் ஊரில் அவர்கள் ஏறி இறங்கும் பழைய இயந்திர உதிரிபாகக் கடைகளில் இது நாலாவது. கிரகோரி வீட்டு கார் போர்ச்சில் ஒரு சிஎன்சி மில் கட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் சொல்லும் இடத்தில் அலுமினியத்தைக் குடைகிற இயந்திரம். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று சாம்பிள் கேட்டிருந்தது. முதல் சாம்பிள் திரும்பி வந்தது. துளை ஒரு மயிரிழை தள்ளியிருந்ததாம். அடுத்ததை வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். மூன்றாவது கேட்கமாட்டார்கள். அது தேறினால், விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் காஸ்வே பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பிழைப்பை விட்டுவிடலாம்.

துளை தள்ளியதற்குக் காரணம், வெட்டும் தலை நகர்வதற்காக ஆன்லைனில் வாங்கிய ரெயில்கள். ஜப்பான் கம்பெனிப் பெயர் போட்டிருந்தது. நகத்தால் சுரண்டியதும் பெயர் உரிந்தது. அன்றிலிருந்து கிரகோரி எதையும் சுரண்டாமல் விடுவதில்லை. மாமியார் கொடுத்த பிஸ்கட் டின்னைக்கூடச் சுரண்டினான்.

பாய் மேசையில் இரண்டு ஜோடி வைத்தார். முழ நீள எஃகு ரெயில்கள். ஒவ்வொன்றின் மேலும் சறுக்கி ஓட, தீப்பெட்டி அளவில் இரண்டு பிளாக். முதல் ஜோடியில் விரல் பட்டதுமே பிளாக் வழுக்கி ஓடியது. இரண்டாவதில் தள்ள வேண்டியிருந்தது.

"மில்லுக்கு எது?"

"இறுக்கமா இருக்குறதுதான். உள்ள குண்டெல்லாம் டைட்டா உக்காந்திருக்கு. வெட்டும்போது ஆடாது. மத்தது பிரிண்டருக்கு ஆகும்."

கிரகோரியும் அப்படித்தான் படித்திருந்தான். தேய்ந்த பிளாக்கில் கெட்டி கிரீஸை அடைத்தாலும் இதே இறுக்கம் வரும் என்றும் படித்திருந்தான். ரெயிலில் பொறித்திருந்த எண்ணைச் சுரண்டினான். உரியவில்லை. அவனுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

"உள்ள என்ன கிரீஸ் போட்டிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் போடல. ஃபேக்டரி மூடினப்ப மெஷினோட வந்துச்சு. வந்தது வந்தபடி இருக்கு."

"கழட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா. ஆனா சும்மா உருவிடாதீங்க தம்பி, குண்டு கொட்டிடும். பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு இருக்கு. அதை ரெயிலோட சேர்த்து வச்சு, பிளாக்கை அதுமேல தள்ளி எடுக்கணும். இருங்க, எடுத்தாரேன்."

பாய் பின்கட்டுக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம். மூடும் சத்தம். பிறகு யாரிடமோ தணிந்த குரலில் பேச்சு.

"யார்கிட்ட பேசுறாரு?" என்றான் கிரகோரி.

"போன்ல பொண்டாட்டிகிட்ட. இல்லேன்னா உங்களைக் கவுக்க ஆள் பிடிக்கிறாரு."

"ஒரு பட்டை எடுக்க இவ்ளோ நேரமா?"

"ஐயோ, அலமாக்! கையை எடுங்க. உருவாதீங்கன்னு சொன்னாருல்ல?"

"அதான். ஏன் சொன்னாரு?"

கிரகோரி இறுக்கமான பிளாக்கை ரெயிலின் முனைவரை தள்ளினான். அது ஒரு கணம் அடம்பிடித்தது. பிறகு கையோடு வந்தது.

முதலில் இரண்டு குண்டுகள் விழுந்தன. பிறகு எல்லாம். சிமெண்டுத் தரையில் குதித்து, அலமாரிக்கு அடியிலும் வாசல் சாக்கடைப் பக்கமும் ஓடின. ஒன்றிலும் துரு இல்லை. விரலில் ஒட்டியிருந்த கிரீஸை அவன் தேய்த்துப் பார்த்தான். எண்ணெய் போல மெல்லியதாக இருந்தது. அப்படியானால் இறுக்கம் கிரீஸால் வந்ததல்ல.

பாய் நீலநிறப் பட்டையோடு வந்து நின்றார். தரையைப் பார்த்தார். கைலியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"காந்தம் வச்சுத் தேடலாமா?" என்றாள் வினிஃப்ரெட்.

"வேணாம்மா. குண்டுல காந்தம் ஏறிடும். அப்புறம் இரும்புத்தூள் ஒட்டும்."

மூவரும் பொறுக்கினார்கள். அரை மணி நேரம். தேநீர்த் தட்டில் போட்டு வினிஃப்ரெட் இரண்டு முறை எண்ணினாள். எழுபத்து மூன்று.

"எழுபத்தாறு இருக்கணும்," என்றார் பாய், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு குறையுது. வேற குண்டு போட்டா சிக்கும். இந்த அளவு வரவழைக்க ரெண்டு வாரம் ஆகும்."

வினிஃப்ரெட் மறுபடியும் அலமாரிக்கு அடியில் கையை விட்டாள். கிரகோரி குனியவில்லை. தட்டைப் பார்த்தான். தரையோடு தரையாகக் கிடந்த பாயின் முதுகைப் பார்த்தான்.

"வந்தது வந்தபடி இருக்குன்னீங்க. எழுபத்தாறுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"