ஓட்டைக்கண் பேய்

நான் கூரை போடுகிறவன். டலூத் நகரத்து ஏரிக்காற்றில், நாற்பதடி உயரத்தில், பதினாறு வருடமாகக் கையில் சுத்தியலோடு நடக்கிறேன். சிகரெட்டை விட்ட வருடம், சும்மா கிடந்த விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று நூல் பின்னும் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தேன். கூட வேலை செய்பவர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். இப்போது பனி தொடங்குவதற்கு முன்னால் அவர்களே வந்து தொப்பி கேட்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எடுத்த எடுப்பிலேயே யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் அந்த அக்டோபரில் நான் பயந்தாங்கொள்ளிதான். என் மகளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

டெல்லா பதினோரு வாரம் முந்திக்கொண்டு பிறந்தாள். எடை இரண்டே முக்கால் பவுண்டு. என் சுத்தியலே அதைவிட கனம். மூன்றாம் நாள், இன்குபேட்டரின் வட்டச் சன்னல் வழியாகக் கையை விட்டு அவள் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டேன். உடனே மெஷின் அலறியது. நர்ஸ் நோரீன் வந்து பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"ஒயர் கழண்டுடுச்சு டெல்லா அப்பா, அவ்வளவுதான். உங்களால ஒண்ணும் ஆகல."

தலையை ஆட்டினேன். கையை வெளியே எடுத்தேன். அதற்கப்புறம் உள்ளே விடவே இல்லை.

என் மனைவி கார்லா தினமும் டெல்லாவை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பேன். "இன்னைக்கு நீங்க வச்சுக்கறீங்களா?" என்று நோரீன் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சளி இருக்கும், அல்லது கையில் தார் ஒட்டியிருக்கும், அல்லது பார்க்கிங் நேரம் முடியப்போகும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு சின்னத் துணிகள். ஒன்று குழந்தையின் தலைமாட்டில், இன்னொன்று அம்மாவின் நெஞ்சில். மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். அம்மா வாசனை குழந்தைக்குப் போகும், குழந்தை வாசனை அம்மாவுக்கு வரும். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. என் வாசனையை அனுப்பிவைத்தால் நான் தொட வேண்டியதில்லையே! பேய் வேஷம் போடும் ஹாலோவீன் பண்டிகை வேறு வருகிறது. ஒவ்வொரு இன்குபேட்டருக்கும் ஏதாவது அலங்காரம் செய்து படம் எடுப்பார்கள்.

கிரானி சதுரம் என்கிற பின்னல் துண்டு இரண்டு செய்தேன். நடுவில் வெள்ளைப் பேய், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்பு. மும்மூன்று தையலாகச் சேர்த்து, இடையிடையே சந்து விட்டுச் சுற்றிக்கொண்டே போவதுதான் அந்தப் பின்னலின் அழகு. பேயின் கண்களுக்கும் தனியாக நூல் தைக்கவில்லை, இரண்டு பெரிய ஓட்டைகளை விட்டுவிட்டேன். குளித்துவிட்டு, மூன்று இரவு அவற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நோரீன் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சந்துகள் வழியாக அவள் முகம் தெரிந்தது.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா உள்ள வைக்க முடியாது."

"ஏன் சிஸ்டர்? பருத்தி நூல்தான். ரெண்டு தடவை துவைச்சேன்."

"ஓட்டை இருக்கே. இவ விரல் தீக்குச்சி மாதிரி. மாட்டிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூரை போடுகிறவனிடம் வந்து ஓட்டை இருக்கிறது என்கிறாளே! "கிரானி சதுரம்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஓட்டை இல்லன்னா அது கோணிச்சாக்கு!" என்று கத்திவிட்டேன். அடுத்த இன்குபேட்டர் பக்கமிருந்து ஒரு அப்பா எட்டிப் பார்த்தார்.

நோரீன் அசரவில்லை. ஒரு பேயை எடுத்து இன்குபேட்டரின் வெளிப்பக்கம் ஒட்டினாள். இன்னொன்றை என் கையில் திணித்தாள்.

"வாசனைதான் அனுப்பணும்னா, அதைவிட சுலபமான வழி இருக்கு. சட்டைப் பொத்தானைக் கழட்டிட்டு இந்த நாற்காலியில உக்காருங்க."

"இறுக்கமா வேற ஒண்ணு பின்னிட்டு வரேன்" என்றேன்.

காரில் ஏறியதும் கார்லா பிடித்துக்கொண்டாள்.

"நாப்பதடி உயரத்துல கயிறு கட்டாம நடக்கிற மனுஷன்."

"கயிறு கட்டித்தான் நடக்கிறேன்."

"மூணு பவுண்டுப் புள்ளையைப் பார்த்துப் பயப்படுற. அவ உன் குரலைக் கேட்டா தலையைத் திருப்புறா, தெரியுமா? நீதான் திரையில நம்பரையே பார்த்துட்டு நிக்கிறியே, உனக்கு எங்க தெரியப்போகுது."

வீட்டுக்குப் போய் ஊசியை எடுத்தேன்.

சந்தே இல்லாமல், ஒரு தையலோடு ஒரு தையல் ஒட்டினாற்போல, வெள்ளை நூலில் பின்னினேன். பின்னலுக்கு ஒரு குணம் உண்டு. கை இறுகினால் நூலும் இறுகும், மனசை மறைக்க வழியே இல்லை. இரண்டு நாள் முடிவில் மேசைமேல் வைத்தேன். நான்கு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"இது சதுரமில்ல, கிண்ணம்" என்றாள் கார்லா. "ஓட்ஸ் போட்டுச் சாப்பிடலாம்."

பிரிக்க நேரமில்லை, மறுநாள் ஹாலோவீன். கறுப்பு நூலில் இரண்டு கண்ணை மட்டும் தைத்து எடுத்துப் போனேன். சட்டைப் பையில் பழைய பேயும் மடித்துக் கிடந்தது. அதை வீட்டில் விட்டு வர மனசு வரவில்லை.

நோரீன் அன்று பூனைக் காது மாட்டியிருந்தாள். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை தேடுகிறாள் என்று நினைத்தேன். அவளோ சட்டென்று அதைக் கவிழ்த்து டெல்லாவின் தலையில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. என் மகள் ஒரு குட்டிப் பேயாகி, பெரிய மனுஷி மாதிரி முகத்தைச் சுளித்தாள். கார்லா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

"வேஷம் ஆச்சு" என்றாள் நோரீன். "சளி இருக்கா?"

"இல்ல."

"தார்?"

"இல்ல சிஸ்டர்."

"பார்க்கிங்?"

"அஞ்சு நிமிஷம்" என்றேன். "அஞ்சே நிமிஷம். அப்புறம் எடுத்துடுங்க."

சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். ஒயர்களோடு சேர்த்து அவளைத் தூக்கி என் நெஞ்சில் வைத்து, சட்டையின் இரண்டு பக்கத்தையும் மேலே போர்த்திவிட்டார்கள். கனமே இல்லை. சூடுதான் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். மெஷின் கத்தப்போகிறது, இதோ கத்தப்போகிறது என்று காத்திருந்தேன்.

மூன்றாவது நிமிடமே, "போதும் சிஸ்டர், எடுத்துடுங்க" என்றேன்.

நோரீன் குனிந்தாள். கையை நீட்டியவள் நிறுத்திவிட்டாள்.

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். பையிலிருந்து பேயின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இடது கண்ணுக்குள், சட்டைக்கு வெளியே நீண்டிருந்த டெல்லாவின் விரல் நுழைந்திருந்தது. மற்ற விரல்கள் நூலைக் கொத்தாகப் பற்றியிருந்தன.

"இதுக்குத்தான் ஓட்டை வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே விரலைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். "நல்லவேளை, இறுக்கமில்ல. தொளதொளன்னுதான் இருக்கு. இப்ப பிரிச்சா முழிச்சுக்குவா. தூங்கட்டும். இங்கேயேதான் இருப்பேன், பார்த்துக்கிட்டே இருக்கேன். அசையாதீங்க."

நான் அசையவில்லை. முதலில் பயத்தில் அசையவில்லை. பிறகு எப்போது என்று தெரியாமல் மூச்சு தானாக வந்தது. அவள் முதுகு ஏறி இறங்கியது, என் நெஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. திரை என் முதுகுப்பக்கம் போய்விட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. நோரீன்தான் நாற்காலியை மெல்லத் திருப்பியிருக்கிறாள்.

"மாட்டிக்கிட்டியா?" என்றாள் கார்லா, காதோரமாக.

பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பேசினேன், அழுதேன். "டெல்லா, அப்பா பேசுறேன்டீ" என்றேன். அவள் பேய்த்தொப்பி என் குரல் வந்த பக்கமாகக் கொஞ்சம் திரும்பியது.

ஒரு மணி நேரம் கழித்து நோரீன் வந்து, ஓட்டையிலிருந்து அந்த விரலைப் பூப்போல விடுவித்தாள்.

"இப்ப ஃப்ரீ. எடுத்துடட்டுமா டெல்லா அப்பா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.