வடக்கே போனதாக எழுதியவை

1974 மார்ச் மாதம் என் நோட்டில் ஒரு பொய் எழுதினேன். தெரிந்து எழுதிய பொய் இல்லை. ஆனால் அதை நானே நம்பி, கேட்டவளிடம் சொல்லவும் சொன்னேன். கேட்டவள் குருவம்மாள் அக்கா. நான் சொன்னதன் பலன் அவளுடைய மகள் பூமாரியின் வயிற்றுக்குப் போனது. பூமாரிக்கு அப்போது ஏழு மாதம்.

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே வெள்ளைப்பாறை ஏரியில் நீர்மட்டம் பார்க்கிற வேலை எனக்கு. காலை ஆறு மணிக்கு மதகில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டால் அன்றைய வேலை முக்கால்வாசி முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் பறவைகள்தான். கோயமுத்தூர் காலேஜ் புரொபசர் ஒருவர் ஒருமுறை ஏரிக்கு வந்தார். எனக்குக் கண் கூர்மை என்று சொல்லி ஒரு பழைய பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் போனார். வாரம் ஒரு கார்டு அவருக்குப் போட வேண்டும். என்ன பறவை, எத்தனை, என்றைக்குக் கிளம்பின என்று எழுதினால் போதும். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் 'தாரா' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். நான் விடமாட்டேன். இது கிளுவை, அது ஊசிவால் வாத்து என்று நிறுத்தி வைத்துத் திருத்துவேன். திருத்தியும் தப்பாகச் சொன்னால் கோபம் வேறு வந்துவிடும்.

மாசி கடைசியில் ஏரி வற்றும். குளிருக்கு வடக்கிலிருந்து வந்திருக்கும் கிளுவைகள் கரையோரம் இரை தேடிக் கொழுக்கும். பிறகு ஏதோ ஒரு நாள் கூட்டம் கூட்டமாக எழும்பி வடக்கே போய்விடும். போகிற நாளைப் பிடிப்பதுதான் எனக்குப் பெருமை. அந்தத் திங்கட்கிழமை 412 கிளுவை எண்ணினேன். செவ்வாய் 355. புதன் 261. "கிளம்பத் தொடங்கிவிட்டன, இந்த வருஷம் இரண்டு வாரம் முன்னதாகவே" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். புரொபசர் படித்துவிட்டு என்னைப் பற்றி யாரிடமாவது சொல்வார் என்று நினைத்தபோது உள்ளுக்குள் இனித்தது.

எழுதாமல் விட்டவையும் உண்டு. காலையில் ஏரி முழுக்க இருக்கும் கீச்சொலி அந்த மூன்று நாளும் இல்லை. ஒரு கிளுவை தண்ணீரில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பூனைப்பருந்து தாழப் பறந்து போனபோது கூட்டம் எழும்பவில்லை. தலையைத் தொங்கப்போட்டு அப்படியே மிதந்தது. இதையெல்லாம் கண் பார்த்தது, மண்டைக்குள்தான் ஏறவில்லை.

ஊரில் அப்போது மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. முக்கிளைக் கம்பத்தை நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற பதினைந்தாம் நாள் வரைக்கும் எங்கள் ஊரில் ஒருவரும் கவுச்சி தொட மாட்டார்கள். பெண்கள் தினமும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முட்டை வாசம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாட்கள் அவை.

புதன்கிழமை காலை ஆடு மேய்க்க வந்த குருவம்மாள் அக்கா கரையோரம் செத்துக் கிடந்த இரண்டு கிளுவைகளைத் தூக்கிக்கொண்டு மதகுக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள். பூமாரி ஒரே மகள், எலப்புள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"ஏனுங் தம்பி, இந்தத் தாரா எதுக்குச் செத்துதுங்க? அடியும் படுல, நாயும் புடிக்கல."

"தாரா இல்லக்கா, கிளுவை," என்றேன். "இதுக பல ஆயிரம் மைல் போகோணும். கெளம்பறப்ப பலமில்லாதது இப்பிடித்தான் இளைச்சு உழுந்துரும்."

கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். வாங்கியிருந்தால் இரண்டும் கொழுத்துக் கிடந்தது தெரிந்திருக்கும்.

"அப்ப தின்னலாமுங்களா?"

"கம்பம் நட்டிருக்கறப்ப என்னக்கா பேச்சு இது?"

"ஐயோ, எனக்கில்லீங். பூமாரிக்கு. அவ ஊர்ல கம்பமா நட்டிருக்குது? மருமகப்புள்ள வந்திருக்கறாரு, நாளைக்குக் காத்தால ஏழு மணி பஸ்ஸுக்குப் போறாரு. உப்பும் மஞ்சளும் போட்டுக் குடுத்து உடறேன். நாம தின்னாத்தானுங் தப்பு?"

"தின்னா ஒண்ணும் ஆகாது," என்றேன். அந்த மூன்று வார்த்தைதான்.

மறுநாள் வியாழக்கிழமை அளவுகோலைப் பார்த்துவிட்டுத் தெற்குக் கரைக்கு நடந்தேன். சேற்றில் ஒரு கிளுவை பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி ஒரு கருடன் இறக்கையை விரித்துக் கவிழ்ந்து கிடந்தது. அதன் அலகிலும் கிளுவையின் இறகு. அதற்கும் அப்பால் இரண்டு காக்கை. கருடனும் காக்கையுமா வடக்கே போகின்றன? குனிந்து கிளுவையின் தொண்டையைக் கீறிப் பார்த்தேன். முளை கட்டிய நெல் அடைத்திருந்தது. மூக்கில் அடித்த நாற்றம் பூச்சிமருந்து நாற்றம்.

அந்தக் கரையில், தண்ணீர் வடிந்த ஏரி உள்வாயில் நெல் விதைத்திருந்தவர் ஊர்ப் பண்ணையாரான சென்னிமலைப் பண்ணாடி ஒருவர்தான். அப்போது மணி ஆறரை. நான் நேராகக் குருவம்மாள் அக்கா வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். மருமகன் அங்கேதான் இருந்திருப்பான். என் கோபம் என்னைப் பண்ணாடியின் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானமாக வாய் கொப்பளித்தார்.

"என்றா ரத்தினசாமி, விதைச்ச நெல்லையெல்லாம் உன்ற குருவி பொறுக்கிப்போட்டா நான் எதெய அறுக்கறது?"

"அதுக்கு மருந்தா கலக்குவீங்க? ஒரு மனுசன் எடுத்துத் தின்னா?"

"எவன் தின்னுவான்?" அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கம்பம் நட்டிருக்குது. ஊர்ல ஒருத்தன் கவுச்சி தொடமாட்டான். அதைப் பாத்துத்தானே இந்தப் பதினஞ்சு நாள்ல வெச்சேன்? நான் என்ன கொலகாரனா?"

அந்த மனுஷன் யோசித்துத்தான் செய்திருக்கிறார். அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. அப்போதுதான் பூமாரியின் நினைவு வந்தது. அதற்குள் ஏழு மணி பஸ்ஸின் ஹாரன் ரோட்டில் கேட்டது. ஓடினேன். பஸ் புழுதி மட்டும் இருந்தது.

குருவம்மாள் அக்கா வாசலில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து உட்டுட்டனுங் தம்பி. ஈரலைத் தனியா இலையில கட்டி, பூமாரி மட்டும் திங்கோணும்னு சொல்லி உட்டேன்."

"அக்கா, அதைத் தின்னக் கூடாது. கெளம்புங்க."

"ஏனுங்க? நீங்கதான..."

"கெளம்புங்கக்கா!"

அடுத்த பஸ் ஒன்பதே காலுக்கு. இரண்டு பஸ் மாறி எலப்புள்ளி போய்ச் சேர வேண்டும். வழி முழுக்க அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நோய் வந்த கிளுவையாக இருக்கும்போல என்று மழுப்பினேன். பயணத்தில் பாதி நேரம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணி பஸ் நேராகப் போவது, அவன் எட்டரைக்கு இறங்கியிருப்பான். அடுப்பு மூட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானச் சோற்றுக்கு வைப்பார்களா, காலையிலேயே வறுத்துக் கொடுத்துவிடுவார்களா? பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. வாழைத்தார் ஏற்றினார்கள். கண்டக்டரை அடிக்கலாம்போல இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பின் மேல் சட்டி இருந்தது, கறி அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"ஈரலை மட்டும் வறுத்துத் தின்னுதுங்க அந்தப் புள்ள. கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டி வாயில நொரை வந்துருச்சு. காருல பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் பூமாரிக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போன கறி என்று மருமகன் சொல்லியிருந்தான். நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு "பூச்சிமருந்து, சார், நெல்லுல கலந்தது" என்றேன். அவர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனே ஊசியை மாற்றச் சொன்னார். பூமாரி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் செத்தே பிறந்தது. ஆண் குழந்தை.

குருவம்மாள் அக்கா வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"கம்பம் நட்ட பெறகு கவுச்சியத் தொட்டனுங் தம்பி," என்றாள். "தின்னாத்தான் தப்புன்னு எம் புத்திக்கு ஏத்தாப்பல நெனச்சுக்கிட்டேன். ஆத்தா என்னைய உட்டுப்போட்டு எம் புள்ள வயித்துல கைய வெச்சுட்டா."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பண்ணாடி நெல்லில் மருந்து கலந்ததைச் சொன்னேன். பறவையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் நான் பெரிய இவனாகப் பேசியதைச் சொன்னேன். விஷயம் தெரிந்த பிறகும் முதலில் சண்டைக்குப் போனதால் பஸ்ஸை விட்டதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குள்ள எம் மேலதானுங் பழி வரும்," என்றாள். "கவுச்சி தொட்டவள்னு கம்பத்துக்குத் தண்ணி ஊத்த உடமாட்டாங்க. நீங்க எல்லார்த்துக்கும் முன்னால இதெயச் சொல்லோணும். பண்ணாடி பண்ணுனது, நீங்க பண்ணுனது, ரெண்டையும் சொல்லோணும்."

"சொல்றேங்க்கா. ரெண்டையும் சொல்றேன்."

அவள் சொன்னபடியே ஆனது. கம்பம் பிடுங்குகிற புதன்கிழமை காலையில் ஊரே கோயில் வாசலில் கூடியிருந்தது. குடத்தோடு வந்த குருவம்மாள் அக்காவை நான்கு பேர் மறித்தார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன். என் கோபம் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது. செத்த கருடனில் தொடங்கி, கிளுவையின் தொண்டையில் இருந்த முளைநெல், பூச்சிமருந்து, ஆஸ்பத்திரி, செத்துப் பிறந்த பிள்ளை என்று ஒன்று விடாமல் சொன்னேன். சென்னிமலைப் பண்ணாடியின் பெயரை மூன்று முறை சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். மறித்த நான்கு பேரும் விலகி நின்றார்கள்.

இன்னும் என் பாதி சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். ஊர் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் குருவி பார்க்கிற கிறுக்கன் என்று சிரித்தவர்கள்கூட மரியாதையாகப் பார்த்தார்கள். "ரத்தினசாமி இல்லீன்னா அந்தப் புள்ளயும் போயிருக்கும்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். என் வாய் மூடிக்கொண்டது.

குடத்தை இடுப்பில் வைத்தபடி குருவம்மாள் அக்கா என்னைப் பார்த்து நின்றாள். மேலே சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். பூசாரி இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு, அவள் திரும்பிப் போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.