மாத்திரை வேண்டாம் என்ற லேபிள்

கருஞ்சீரக எண்ணெய் ஆலைக்குப் புது லேபிள்கள் வந்தன. 'சர்க்கரை நோய்க்கு இனி மாத்திரை வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பாட்டில்களில் அவற்றை ஒட்டுகிற பெண், கட்டோடு தூக்கி முதலாளியின் மேசையில் வைத்தாள்.

"இதை நான் ஒட்ட மாட்டேன்."

"நீயே தினமும் இதைத்தானே குடிக்கிற?"

"ஆமா சார். இருமலுக்குக் கேக்குது. முட்டியில தேய்ச்சா வலி குறையுது. லேபிள்ல அதைப் போடுங்க, ஒட்டுறேன். எங்கண்ணன் இந்தப் பேச்சை நம்பித்தான் மாத்திரையை விட்டாரு. இப்போ ஒரு கால் இல்ல."

"அப்போ வெளிய போ."

வெளியே போனவள் வாசலிலேயே நின்று, எண்ணெய் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணன் கதையைச் சொன்னாள்.

மூன்றாம் நாள் முதலாளியே வந்தார்.

"உள்ள வாம்மா. அந்த லேபிளையெல்லாம் எரிச்சாச்சு."

"சாம்பலைக் காட்டுங்க" என்றாள் அவள், நின்ற இடத்தைவிட்டு அசையாமல்.